"சைஸ் ஏறுதுங்கண்ணா" என்று சொல்பவருக்கு என்ன பதில்?

கோவை கணபதியிலோ, குறிச்சி சிட்கோவிலோ, அம்பத்தூரிலோ ஒரு நடுத்தர மெஷின் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். பதினைந்து சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்), மூன்று ஷிப்ட், ஐம்பது அறுபது பேர். உள்ளே நுழைந்ததும் தரக் கொள்கையை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கத் தேவையில்லை. நைட் ஷிப்டில் ஓர் ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு, "சைஸ் ஏறுதுங்கண்ணா" என்று சூப்பர்வைசரிடம் சொல்கிறார், அதாவது கடையும் பீஸின் அளவு கூடிக்கொண்டே போகிறது. அடுத்த ஒரு நிமிடம் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். "இப்பத்தானே செட் பண்ணிக் குடுத்தாங்க, அதுக்குள்ள என்ன?" என்ற பதில் வந்தால், அந்த ஆபரேட்டர் இனிமேல் நிறுத்த மாட்டார். பக்கத்து மெஷினில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பவரும் நிறுத்த மாட்டார்.

தலைமை, தனிமனித உழைப்பு, சிறந்த பணிப் பண்பாடு என்று கருத்தரங்குகளில் பேசுவதெல்லாம் ஷாப் ஃப்ளோரில் இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான் நிற்கிறது, அல்லது விழுகிறது. அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு. பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் 25 மி.மீ., டிராயிங்கில் எச்7 என்ற டாலரன்ஸ் (அளவு மாறலாம் என்று அனுமதித்த இடைவெளி) போட்டிருக்கிறது. மேல் அளவு 25.000, கீழ் அளவு 24.979. இடையில் இருப்பது 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. வெளிவிட்டம் கடையும்போது இன்செர்ட்டின், அதாவது டூலில் பொருத்தும் வெட்டும் துண்டின், முனை தேயத் தேய விட்டம் கூடிக்கொண்டே வரும். ராத்திரி இரண்டரைக்கு 24.990 காட்டியது மூன்றரைக்கு 24.997 காட்டுகிறது. இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் டாலரன்ஸைத் தாண்டிவிடும் என்று ஆபரேட்டருக்கு நன்றாகவே தெரியும். எக்ஸ் ஆஃப்செட்டில், அதாவது டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் கொடுக்கும் எண்ணில், 10 மைக்ரான் குறைக்கலாம். முனை ரொம்பத் தேய்ந்திருந்தால் இன்செர்ட்டைத் திருப்பிப் போடலாம். சிஎன்எம்ஜி என்ற சாய்சதுர இன்செர்ட்டில் மேல்பக்கம் இரண்டு, கீழ்ப்பக்கம் இரண்டு என்று நான்கு முனை. நான்கும் தீர்ந்துவிட்டால் புதிது வேண்டும். புதிது ஸ்டோரில் இருக்கிறது. ஸ்டோர் சாவி பகல் ஷிப்ட் ஸ்டோர்கீப்பரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

அவர் ஓட்டுகிறார். காலையில் குவாலிட்டி ஆள் வந்து அளந்தால் நூறு பீஸுக்கு மேல் 25.004, 25.006. "நைட் ஷிப்ட் ஆளுங்களுக்கு அக்கறையே கிடையாது" என்று மீட்டிங்கில் பேச்சு. அக்கறைக்கு அங்கே குறைவில்லை, சாவிதான் இல்லை. ஓர் இன்செர்ட்டின் விலை சில நூறு ரூபாய். அது காணாமல் போகும் என்று பயந்து பூட்டி வைத்தது நிர்வாகம் எடுத்த முடிவு. அந்த முடிவின் விலை காலையில் ரிஜெக்ஷனாக (தள்ளிய பீஸ்களாக) வந்து நிற்கிறது. மெஷினுக்கு ஒரு சின்னப் பெட்டி, அதில் இரண்டு புது இன்செர்ட், பழையதைப் போட்டுவிட்டுத்தான் புதியதை எடுக்க வேண்டும், ஷிப்ட் மாறும்போது எண்ணிப் பார்த்து நிரப்ப வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு தலைவர் தன் ஆட்களை எவ்வளவு நம்புகிறார் என்பதை அவருடைய பேச்சைவிட இந்தப் பெட்டி தெளிவாகச் சொல்லிவிடும்.

நம்பிக்கைக்கு வரம்பும் வேண்டும், அதை எழுதி வைக்கவும் வேண்டும். ஆஃப்செட்டில் ஒரு தடவைக்கு 20 மைக்ரான் வரை ஆபரேட்டரே மாற்றலாம், அதற்கு மேல், மெஷினைச் செட் பண்ணிக் கொடுக்கும் செட்டரைக் கூப்பிட வேண்டும் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு வரம்பு. இதற்குக் காரணம் உண்டு. டெசிமல் புள்ளியை விட்டுவிட்டு வெறும் 10 என்று அடித்தால், கன்ட்ரோலரின் செட்டிங்கைப் பொறுத்து அது 10 மைக்ரானாகவும் எடுத்துக்கொள்ளப்படலாம், 10 மில்லிமீட்டராகவும் எடுத்துக்கொள்ளப்படலாம். இரண்டாவது நடந்தால் டூல் நேராக ஜாபில் (கடையும் பொருளில்) போய் இடிக்கும். தூக்கக் கலக்கத்தில் கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் மாறிப்போவதும் சகஜம். ஆகவே ஆஃப்செட்டை மாற்றினால் அடுத்த பீஸைக் கட்டாயம் அளந்து எழுத வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிட வேண்டும்.

"ஓகே" என்று எழுதும் பழக்கம்

முதல் பீஸ் பார்ப்பது எல்லா ஷாப்பிலும் இருக்கிறது. பெரும்பாலும் ஒழுங்காக இருப்பதில்லை. செய்ய வேண்டியது இது: புரோகிராம் நம்பரையும் டிராயிங்கின் ரிவிஷன் எழுத்தையும் ஒப்பிட வேண்டும், ஸ்பிண்டிலைப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு சூடேற்ற வேண்டும், முதல் பீஸை எடுத்துக் கூலன்ட்டைத் துடைத்து, பிசிறு நீக்கி, ஆறவிட வேண்டும், பிறகு பேரிங் இடத்தை இரு ஓரத்திலும் நடுவிலும் அளந்து, கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை அளக்க வேண்டும். மூன்று இடத்தில் அளப்பது டேப்பர் (ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்தல்) இருக்கிறதா என்று பார்க்க, திருப்பி அளப்பது ஓவலாக இருக்கிறதா என்று பார்க்க. அளக்கும் கருவியும் சரியானதாக இருக்க வேண்டும். 0.02 மி.மீ. லீஸ்ட் கவுன்ட் (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) உள்ள வெர்னியரை வைத்துக்கொண்டு 0.021 டாலரன்ஸை யாராலும் பார்க்க முடியாது. டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி காட்ட வேண்டும் என்பது பழைய விதி. இந்த ஷாஃப்ட்டுக்கு 0.001 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். அது குவாலிட்டி ரூமில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்து பிரயோஜனமில்லை, மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அளந்ததை எண்ணாக எழுத வேண்டும். "ஓகே" என்று எழுத அனுமதித்தால் அந்த ரிப்போர்ட்டால் ஒரு பயனும் கிடையாது. 24.988, 24.990, 24.993 என்று வரிசையாக இருந்தால் முனை தேய்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். ஏழு "ஓகே"யில் எதுவும் தெரியாது. அதைவிட முக்கியம், "ஓகே"க்களை ஷிப்ட் முடியும்போது ஒரே மூச்சில் எழுதிவிடலாம். ஒரே பேனா, ஒரே சாய்வு, நேர்கோட்டில் நிற்கும் எழுத்து; பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும். இதைக் கண்டுபிடித்ததும் ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கத்துவதுதான் வழக்கம். அதற்கு முன்னால் டார்கெட் எப்படிப் போடப்பட்டது என்று பார்ப்பது நல்லது.

எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, இரண்டு டீக்கு 20 போனால் 430. ஒரு பீஸின் சைக்கிள் டைம் (ஒன்றை எடுக்க ஆகும் நேரம்) 96 வினாடி என்றால் 430 நிமிடத்துக்கு 268 பீஸ் வரும். பல இடங்களில் டார்கெட் போர்டில் ஏறுவது இந்த 268 தான். முதல் பீஸுக்கு 15 நிமிடம், மணிக்கு ஒரு தடவை மூன்று நிமிடம் வீதம் ஏழு தடவைக்கு 21, மெஷின் துடைக்க 10 என்று கழித்தால் மிஞ்சுவது 384 நிமிடம், அதாவது 240 பீஸ். நடுவில் இருக்கும் 28 பீஸையும் ஆபரேட்டர் அளக்கும் நேரத்திலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார். மெஷின் ஓடும்போதே அளக்கலாமே என்று கேட்கலாம். ஓர் ஆள் ஒரு மெஷின் பார்த்தால் முடியும். இன்று பல ஷாப்பில் ஓர் ஆள் இரண்டு மெஷின், சில இடங்களில் மூன்று. 268 என்று போர்டில் எழுதிவிட்டு மணிக்கொரு தடவை அளக்கச் சொல்வது, பொய் எழுதச் சொல்வதற்குச் சமம். டார்கெட்டை 240 ஆக்க மனசு வராத முதலாளி, தரத்தைப் பற்றி என்ன பேசினாலும் கீழே யாரும் காதில் வாங்கப்போவதில்லை.

இரண்டு பேரும் சொல்வது சரி

இராத்திரி ஆபரேட்டர் "அளவு சரியாத்தான் இருந்துச்சு" என்பார். காலை இன்ஸ்பெக்டர் "அண்டர்சைஸ்" என்பார். ஒருவர் பொய் சொல்வதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நீள அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி. நம் ஷாப்புகளில் அது மார்கழி விடியற்காலையில் வந்தால்தான் உண்டு. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 11.5 மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து வந்த பீஸ் 50 டிகிரி, மைக்ரோமீட்டர் 32 டிகிரி என்றால் வித்தியாசம் 18. இருபத்தைந்து மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் 5 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல். மொத்த டாலரன்ஸே 21 தான், அதில் கால் பங்கு வெப்பத்திலேயே போய்விடுகிறது. சூட்டோடு 24.981 காட்டிய பீஸ் ஆறியதும் 24.976. இரண்டு பேரும் நேர்மையாகத்தான் அளந்திருக்கிறார்கள்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. அளவு துல்லியமாகத் தெரிந்த 25 மி.மீ. மாஸ்டர் ஒன்றை மெஷின் பக்கத்திலேயே வைத்து, பீஸும் மாஸ்டரும் மைக்ரோமீட்டரும் ஒரே மேஜையில் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகு ஒப்பிட்டு அளக்க வேண்டும். ஆற நேரமில்லாத இடத்தில், சூட்டில் காட்டும் அளவுக்கும் ஆறிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முறை அளந்து, மெஷின் பக்கத்தில் எழுதி ஒட்டலாம்.

மெல்லிய வளையங்களில் இதைவிட விசித்திரமான ஒன்று நடக்கும். மூன்று ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக்கில் இறுக்கிப் பிடித்து உள்துளையைக் கடைந்தால், சக்கில் இருக்கும்வரை துளை வட்டமாகவே இருக்கும். ஜாவை விட்டதும் வளையம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், துளை லேசாக முக்கோணச் சாயலுக்குப் போய்விடும். எதிரெதிர் இரண்டு புள்ளியைத் தொட்டு அளக்கும் கேஜில் இது தெரியாது. மூன்று மடிப்புள்ள வடிவத்தை எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் குறுக்களவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆபரேட்டர் "25 மைக்ரான் டாலரன்ஸ்ல நடு சென்டர்ல இருக்குங்க" என்பார். அசெம்ப்ளியில் "பேரிங் ஏறவே மாட்டேங்குது" என்பார்கள். மூன்று புள்ளி தொடும் போர் கேஜோ, துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் பிளக் கேஜோ வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். முதல் கடைசலான ரஃபிங்குக்கு 18 கிலோ வைத்த சக் பிரஷரை, கடைசிக் கடைசலான ஃபினிஷிங்குக்கு 8 கிலோவாகக் குறைப்பதும், கடைந்து வடிவமாக்கக்கூடிய சாஃப்ட் ஜாவை ஜாபின் விட்டத்துக்கே போர் பண்ணி வளையத்தைச் சுற்றிலும் அணைத்துப் பிடிப்பதும் இதற்கு மருந்து. எவ்வளவு குறைக்கலாம் என்பது ஜாபைப் பொறுத்தது. ரொம்பக் குறைத்தால் ஜாப் சக்கிலிருந்து பறந்துவிடும், அது உயிருக்கே ஆபத்து. ஆகவே ஸ்பீடையும் கட்டையும் சேர்த்துப் பார்த்துச் செட்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவற்றை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "யார் செய்தது?" என்று தொடங்கும் சூப்பர்வைசரால் இந்த இரண்டில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. பீஸைக் கையில் எடுத்து, தானே அளந்து, இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பார்ப்பவருக்குத்தான் அகப்படும். தலைவரின் சொந்த உழைப்பு செலவாக வேண்டிய இடம் இதுவே. இராத்திரி பத்து மணி வரை ஆபீஸில் உட்கார்ந்திருப்பதில் ஷாப்புக்கு ஒரு லாபமும் இல்லை.

நிறுத்திய பிறகு

மெஷினை நிறுத்திச் சொன்னவரிடம் முதல் கேள்வி: "எந்தப் பீஸ்ல இருந்து தம்பி?" கடைசியாகச் சரியென்று அளந்த பீஸுக்கும் இப்போதைக்கும் இடையில் வந்தவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை. மணிக்கொரு தடவை அளந்திருந்தால் அதிகபட்சம் 37 பீஸ். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் 150. அத்தனையையும் தனியே எடுத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். தள்ளியவை பூட்டுப் போட்ட சிவப்புப் பெட்டிக்குள், ஒரு டேக்கோடு போக வேண்டும். தேதி, மெஷின், ஆபரேஷன், எண்ணிக்கை, என்ன குறை என்பது டேக்கில் இருக்கட்டும். ஆபரேட்டர் பெயர் வேண்டாம். பெயருக்கு ஒரு கட்டம் போட்டால் எல்லோர் கண்ணும் அந்தக் கட்டத்துக்குத்தான் போகும்.

தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை ஒன்பதரைக்கு, பதினைந்து நிமிடம் அந்தப் பெட்டியைத் திறந்து மெஷின் பக்கத்தில் நின்றபடியே பேச வேண்டும். ஆபரேட்டர், செட்டர், குவாலிட்டி, மெயின்டனன்ஸ் நால்வரும் இருக்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் இரண்டு கேள்வி: ஏன் வந்தது, வந்தது ஏன் உடனே கண்ணில் படவில்லை. பெரும்பாலான ஷாப்பில் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி அதே குறை வருவதற்கு இரண்டாவது கேள்வியைக் கேட்காததே காரணமாக இருக்கும்.

குறை வந்தால் நிற்க வேண்டும் என்ற யோசனைக்கு நூறு வயதாகிறது. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, இழை அறுந்ததும் தானாகவே நின்றுவிடும். மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த யோசனையே பிறகு டொயோட்டா கார் தொழிற்சாலையில், தொழிலாளி இழுக்கும் கயிறாக வந்தது. அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு விஷயம் இங்கே சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. இழுத்ததும் லைன் அந்த இடத்திலேயே நின்றுவிடாது. டீம் லீடர் உடனே ஓடி வருவார். வண்டி அடுத்த குறியிட்ட இடத்தை அடைவதற்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால்தான் நிற்கும். அதாவது கயிற்றின் மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார். நம் ஊரில் விளக்கையும் பஸ்ஸரையும் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சிவப்பு விளக்கு அரை மணி நேரம் எரிந்தும் யாரும் வராவிட்டால், அடுத்த வாரம் அந்த சுவிட்சில் தூசி படிந்திருக்கும். விளக்கு வாங்குவதற்கு முன் வரவேண்டிய ஆளை முடிவு செய்யுங்கள்: இரண்டு நிமிடத்தில் செட்டர், பத்து நிமிடத்தில் சூப்பர்வைசர், அரை மணியில் மேனேஜருக்கு போன், அது இராத்திரி மூன்று மணியானாலும்.

ஆட்கள் சரியில்லை என்று சொல்பவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆலையை 1982-இல் மூடியது. 1984-இல் டொயோட்டாவோடு கூட்டாக, நும்மி என்ற பெயரில், அது மறுபடி திறக்கப்பட்டது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளிகள், பழைய சங்கம். சில ஆண்டுகளில் தரத்தில் அது ஜெனரல் மோட்டார்ஸின் நல்ல ஆலைகளில் ஒன்றானது. மாறியது நிர்வாக முறை. இங்கேயும் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல், தரத்துக்காக ஜப்பானில் தரும் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவிலிருந்து அதை வாங்கிய முதல் நிறுவனம் அதுதான். நம் ஆட்களை வைத்து முடியாது என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

ரிஜெக்ஷன் பூஜ்யம் என்ற பரிசு

"ஜீரோ ரிஜெக்ஷன்" ஷிப்டுக்கு ஊக்கத்தொகை அறிவிப்பது பார்க்க நன்றாக இருக்கும். மறுநாளே ரிஜெக்ஷன் குறைந்துவிடும், ஏனென்றால் தள்ளிய பீஸ்கள் சிப்ஸ் டிராலிக்குள் (கடைசல் சீவல் அள்ளும் வண்டிக்குள்) போய்விடும். கணக்குப் பார்க்க ஒரு வழி உண்டு. மூன்று மீட்டர் ராடில் 100 மி.மீ. கடைசித் துண்டு மிஞ்சும் என்று வைத்துக்கொண்டு, பீஸ் நீளம் 80, பார்ட்டிங்குக்கு (துண்டு வெட்டும் அகலத்துக்கு) 3 என்றால் ஒரு ராடில் 34 பீஸ். பத்து ராடுக்கு 340. நல்லதும் சிவப்புப் பெட்டியில் உள்ளதும் சேர்த்து 332 தான் வருகிறது என்றால் எட்டு பீஸ் எங்கேயோ இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்துத் தண்டிக்கப் போனால் அடுத்த முறை ராடே காணாமல் போகும். ஊக்கத்தொகையை நிறுத்திவிட்டு, சிவப்புப் பெட்டியில் தானாக வந்து போட்டவருக்கு நன்றி சொல்லத் தொடங்குவதே வழி. அப்படிச் செய்தால் முதல் இரண்டு மூன்று மாதம் பதிவாகும் ரிஜெக்ஷன் ஏறும். முதலாளிக்குப் பதற்றமாக இருக்கும். அந்தக் காலத்தில் பார்க்க வேண்டியது கஸ்டமரிடமிருந்து திரும்பி வரும் எண்ணிக்கையை. உள்ளே பிடிபடுவது ஏறி, வெளியிலிருந்து திரும்புவது குறைந்தால் சரியான பாதைதான்.

மாசக் கடைசியில் இரண்டு ராத்திரி தூங்காமல் நின்று சரக்கை அனுப்பியவருக்குக் கைதட்டு கிடைக்கிறது. அவர் உழைப்பு உண்மையானது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பிரேக்டௌனே வராமல், மாசம் பூராவும் ஒரே சீராக 240 எடுத்துக் கொடுத்தவரின் பெயர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. நெருப்பை அணைப்பவரை மட்டும் கொண்டாடினால் ஷாப்பில் நெருப்புக்குப் பஞ்சமே இருக்காது.

அனுபவசாலி செட்டரின் பாக்கெட் டைரியும் இதைப் போன்றதுதான். எந்த ஜாபுக்கு ஜா எவ்வளவு போர் பண்ண வேண்டும், டூல் எவ்வளவு வெளியே நீட்டலாம், கூலன்ட் எந்தக் கோணத்தில் விழ வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். கேட்டால் தரமாட்டார். தன் மதிப்பே அந்த டைரியில் இருக்கிறது என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி நினைக்க வைத்தது ஷாப். ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு செட்டிங் ஷீட், நான்கைந்து போட்டோவோடு, தயாரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். அவர் சொல்லிக் கொடுத்து ஒரு ஜூனியர் தனியாகச் செட் பண்ணக் கற்றுக்கொண்டால் அவருடைய சம்பளம் ஏற வேண்டும். அவர் லீவு போட்ட நாளில் எத்தனை மெஷின் நின்றது என்று எண்ணிப் பாருங்கள், ஷாப்பின் பலவீனம் எவ்வளவு என்று தெரியும்.

ஆபரேட்டர்களில் பலர் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிய போர்டை வைத்துக்கொண்டு அவர்களிடம் தரம் கேட்பது நியாயமில்லை. பச்சை, சிவப்பு அடித்து, சரி, தவறு என்று மட்டும் காட்டும் கோ, நோ-கோ கேஜுக்கும், பலகையில் மாட்டி வைத்த நல்ல பீஸ், கெட்ட பீஸ் மாதிரிகளுக்கும் மொழி வேண்டாம். கான்ட்ராக்ட்டில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர் மெஷினை நிறுத்தினால் அவர் கூலி நிற்கிறது. நிறுத்திய நேரத்துக்கு அவருடைய சராசரிக் கூலியைக் கொடுப்பதாக கான்ட்ராக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடாதவரை, அவரிடம் நிறுத்தச் சொல்வது சொந்தக் காசைப் போடச் சொல்வதாகும்.

இவ்வளவும் எங்கே முறிகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சூப்பர்வைசரிடம். முதலாளி "தரம்தான் முக்கியம், நிறுத்துங்க" என்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு சூப்பர்வைசரிடம் கேட்பது "இன்னைக்கு எத்தனை போச்சு?" அவர் கீழே எதைக் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தினசரி ரிப்போர்ட்டில் அனுப்பிய எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, எத்தனை முறை கூப்பிட்டார்கள், எத்தனை நிமிடத்தில் போனார், எது இன்னும் முடியாமல் இருக்கிறது என்ற மூன்று கட்டத்தைச் சேருங்கள். முதலாளி அந்த மூன்றை முதலில் படிக்க வேண்டும். பதினைந்து மெஷினிலும் ஒரேயடியாகத் தொடங்காமல், அதிகத் தொல்லை தரும் ஒரு மெஷினில், ஒரு ஜாபில் தொடங்கினால் சூப்பர்வைசருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். அடுத்த செட்டர் பதவி காலியாகும்போது, யார் அதிகப் பீஸ் எடுத்தார்கள் என்ற பட்டியலோடு, யார் நேரத்துக்கு நிறுத்திச் சொன்னார்கள் என்ற பதிவேட்டையும் மேஜையில் எடுத்து வைத்துத் தேர்வு செய்யுங்கள். எதற்காகத் தேர்வு செய்தீர்கள் என்பதை மூன்று ஷிப்டிலும் சொல்லிவிடுங்கள்.